முடிவையும் சேர்த்துச் சொல்லுகிறவன்

1

பதுளையில் சின்னதாக ஒரு பத்திரிகை நடத்துகிற நண்பர்கள் என்னிடம் கேட்டது சுலபமான வேலைதான். "வெளிநாட்டில் இருக்கிறீர்கள். எந்நேரமும் எதையாவது பார்த்துக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருக்கிறீர்கள். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு நல்லதாகச் சிலதைச் சொல்லுங்களேன்" என்றார்கள். காமிக்ஸ், சினிமா, தொடர், கம்ப்யூட்டர் விளையாட்டு, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும்.

நானும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். நான் இருப்பது கனடாவில், டொரொண்டோவிலிருந்து ரயிலில் போய்ச் சேருகிற ஓர் ஊரில். வேலை ஒரு பெரிய சரக்குக் கிடங்கில். ஐம்பதை நெருங்குகிற மனுஷன் சம்பள நாளில் காமிக்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறானே என்று என் மனைவிக்கு மனத்தாங்கல் உண்டு. அவளுடைய தொடர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை என்பதை அவள் கணக்கில் எடுப்பதே இல்லை.

முதலாவதாக ஒரு காமிக்ஸ் எழுதினேன். பனி விழும் ஊரில் தபால் கொண்டுபோகும் ஒரு பெண்ணின் கதை. சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஆனால் கீழே வைக்க முடியாது. இரண்டாவது ஒரு விளையாட்டு. மலைச்சரிவில் கம்பி இழுத்து, அதில் பெட்டிகளைத் தொங்கவிட்டு, சாமான்களை உச்சிக்கு ஏற்ற வேண்டும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கை வந்த கலையாக இருக்கும். மூன்றாவதாக ஒரு தொடரை எழுத நினைத்தேன், கை நின்றுவிட்டது.

போன வாரம் என் சிநேகிதன் தியாகுவின் மனைவி ராணிக்குத் தலைத்திவசம், அவள் போய் ஒரு வருஷம். அந்தத் தொடரை இனி யாருக்கும் என்னால் சிபாரிசு செய்ய முடியாது. அதன் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்புகள். நீங்கள் கேட்டது ஒன்று, நான் அனுப்புவது வேறொன்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தியாகுவும் நானும் பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். காமிக்ஸ் பைத்தியம் எங்களைப் பிடித்தது பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய பேப்பர் கடையில். கடலை சுற்றுவதற்காகக் கட்டுக்கட்டாக வந்த காகிதத்துக்குள் இந்தியாவிலிருந்து வந்த காமிக்ஸ்களும் கிடக்கும். பாதிக்கு அட்டை இருக்காது. எங்கள் முகத்தைக் கண்டதும் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவார், ஒன்றுதான் வாங்க முடியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் வாசித்தாக வேண்டும், பொறுமை யாருக்கும் கிடையாது. அதனால் பின்னைக் கழற்றி நடுமடிப்பில் புத்தகத்தை இரண்டாகக் கிழிப்போம். தியாகுவுக்கு முன்பாதி, எனக்குப் பின்பாதி. பண்டாரவளை வருவதற்குள் மாற்றிக்கொள்வோம். எனக்கு எப்போதும் முடிவு தெரியும், ஆரம்பம் தெரியாது. யார் சுட்டது என்று மட்டும் சொல்லச் சொல்லி முழங்கையால் இடிப்பான். நானும் சொல்லிவிடுவேன். தெரிந்ததை மறைப்பது கஞ்சத்தனம் என்று நினைத்த வயசு.

பள்ளிக்கூடம் முடிந்ததும் இரண்டு பேருக்கும் தோட்டத்திலேயே வேலை கிடைத்தது. கொழுந்துச் சாக்குத் தூக்குகிற வேலை. பெண்கள் மலையில் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கிற இடத்துக்கு மடுவம் என்று பெயர். காலையில், மதியத்தில், பின்னேரத்தில் என்று நிறுவை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தவன் திங்கட்கிழமை மடுவத்தில் கதை சொல்லியாக வேண்டும். இது எங்கள் தோட்டத்தில் யாரும் போடாத சட்டம். காலை நிறுவையில் ஆரம்பம், மதியம் இடைவேளை வரைக்கும், பின்னேரம் சண்டையும் முடிவும். அந்தப் பெண்களுக்குப் படத்துக்குப் போக நேரமும் இல்லை, கூட்டிக்கொண்டு போக ஆளும் இல்லை. ஒரு படம் நல்ல படம் என்று சொல்ல வேண்டுமானால் அதை முழுக்கச் சொல்லிக் காட்ட வேண்டும். எங்களுக்குச் சிபாரிசு என்றால் அதுதான்.

அதில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. கேட்கிறவர்களில் மாசமாக இருக்கிறவளோ, வீட்டில் துக்கம் நடந்தவளோ இருந்தால் சாவைச் சொல்லக் கூடாது. முடிவைத் திருப்பி, நல்லதாக மாற்றிச் சொல்ல வேண்டும். மூத்த பெண் யாராவது தராசுக்குப் பின்னால் நின்று லேசாகத் தலையை ஆட்டுவாள். கதை சொல்லுகிறவனுக்கு விளங்கிவிடும். தியாகு இதில் கெட்டிக்காரன். வெள்ளித்திரையில் செத்துப்போன எத்தனையோ கதாநாயகிகள் அவன் வாயால் பிழைத்து எழுந்து, கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெற்றிருக்கிறார்கள். பிறகு அதே படத்தை யாராவது வீடியோ டெக்கில் போட்டுப் பார்த்தால்கூட அவன்மீது கோபப்பட மாட்டார்கள். தியாகு சொன்ன படம்தான் இதைவிட நன்றாக இருந்தது என்பார்கள். அதைப் பொய் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அந்தக் கூட்டத்தில் வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று கேட்டவள்தான் ராணி. கதை முடிந்த பிறகும் போக மாட்டாள். அந்த வில்லனுக்கு என்ன ஆனது, அந்த நாய்க்குட்டி யாரிடம் போனது என்று கேட்டுக்கொண்டே நிற்பாள். படத்தில் இல்லாத நாய்க்குட்டிக்கெல்லாம் தியாகு பதில் சொல்வான். பிறகு கல்யாணம் கட்டினார்கள்.

3

இந்த நாட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இங்கே இருக்கும் தமிழ்க் கடையில் என் பேச்சைக் கேட்டு இந்தியாவா என்று கேட்பார்கள். இந்தியாக்காரர்கள் இலங்கையா என்று கேட்பார்கள். பதுளை என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் யோசிப்பார்கள். ஒருதரம் கிடங்கில் தமிழ் அண்ணர் ஒருவரிடம் பெரட்டுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டேன். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறதைத்தான் எங்கள் பக்கம் பெரட்டு என்பார்கள். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

என் மகன் நிதின் இங்கே பிறந்தவன். பதினேழு வயசு. அவனுக்கும் எனக்கும் பேசிக்கொள்ள மிச்சமிருப்பது காமிக்ஸும் விளையாட்டும்தான். அதனால் அவன் நூலகத்தில் ரசிகர்கள் கூடுகிற ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது எனக்குக் காலே தரையில் படவில்லை. மாதத்துக்கு ஒருதரம் கூடி, ஆளுக்கொன்று சிபாரிசு செய்வார்கள். என் முறை வந்தது. அந்த வாரம் நான் பார்த்து அசந்துபோன ஒரு படத்தைச் சொன்னேன். எங்கள் முறைப்படி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கைகாலை ஆட்டி, குரலை மாற்றி, மழைக்காட்சிக்கு மேசையைத் தட்டி, கொலைகாரன் சொந்தத் தம்பிதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

பாதியிலேயே ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு பையன் எழுந்து வெளியே போனான். நான் கதை அவ்வளவு உருக்கமாகப் போகிறது என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். முடித்தபோது கைதட்டல் இல்லை. கூட்டத்தை நடத்துகிறவர் மிகவும் மரியாதையாக, அடுத்த முறை முடிவைச் சொல்லாமல் இருந்தால் நல்லது என்றார்.

திரும்பி வரும்போது காரில் நிதின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில்தான் பேசினான். "அப்பா, அது ஸ்பாய்லர். ஒரு படத்தை லைக் பண்ணினா முடிவைச் சொல்லக் கூடாது. இன்னொருத்தர் பார்க்கிறதை நீங்க எடுத்துடுறீங்க."

எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எங்கள் பக்கம் சொல்லாமல் விடுவதுதான் அடுத்தவரிடமிருந்து எடுப்பது. அவனுக்கு மடுவத்தைப் பற்றிச் சொல்லப் பார்த்தேன். மடுவம் என்ற சொல்லுக்கே இங்கிலீஷ் கிடைக்காமல் வழியில் நின்றுவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவன் தனியாகப் போனான். எனக்கு வருத்தமாக இருந்தது, அவனிடம் சொல்லவில்லை.

ஆக, நான் முழுக்கதை சொல்ல உலகத்தில் மிஞ்சியவன் தியாகு ஒருவன்தான்.

4

தியாகு தோட்ட வேலையை விட்டுவிட்டு எல்ல என்ற சுற்றுலா ஊரில் முச்சக்கர வண்டி ஓட்டினான். வெள்ளைக்காரர்களைப் பாலத்துக்கும் அருவிக்கும் ஏற்றிப் போவான். அவர்கள் படம் பிடித்து முடிக்கும் வரை காத்திருக்கிற நேரம் முழுக்க இவனுக்குத் தொடர் பார்க்கிற நேரம். தெரிந்த தங்குமிடத்துப் பையன்கள் வைஃபை கொடுப்பார்கள். அதில் இறக்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவான். ராணி அப்போதும் கொழுந்துதான் பறித்தாள். பின்னேரம் வந்து சமைத்து வைத்துவிட்டு, போனை அரிசி டின்னில் சாய்த்து இரண்டு பேரும் பார்ப்பார்கள். மகளை மொனராகலையில் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

வெள்ளிக்கிழமைகளில் அவனும் நானும் குரல் செய்தி அனுப்பிக்கொள்வோம். எனக்கு அவன் சொன்னதும், அவனுக்கு நான் சொன்னதும், எல்லாம் முடிவோடு சேர்த்துத்தான். கதை தெரிந்த பிறகும் பார்ப்போம். எப்படி வந்து சேருகிறது என்று பார்ப்பதில் ஒரு ருசி. சில நாள் செய்தியின் கடைசியில் ராணியின் குரல் கேட்கும். "அண்ணே, நீங்க போன வாரம் சொன்னது சுத்த மோசம். இவர் பேச்சைக் கேட்டு ஒக்காந்து பொழுது வீணாப்போச்சு" என்பாள். அவள் திட்டினால் படம் உண்மையாகவே மோசம்தான்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டுத் தொடர் தமிழ்க் குரலோடு வந்தது. ஒரு தீவு. அதில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒரு பெண். கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பி வரவில்லை. ஊரே அவன் செத்துவிட்டான் என்று சொல்ல, அவள் மட்டும் தினமும் அவனுக்கும் சேர்த்துச் சமைக்கிறாள். நான் அதைப் பார்த்திருக்கவில்லை. தியாகுவே கண்டுபிடித்து, இந்த ஒன்றை மட்டும் முடிவு தெரியாமல் பார்க்கப் போகிறேன், நீயும் பார்த்து என்னிடம் சொல்லிவிடாதே என்றான். அவன் வாழ்க்கையில் முதல்தரம் அப்படிச் சொன்னான். ராணியோடு மெதுவாகப் பார்க்க வேண்டுமாம். பாதிக்கு மேல் வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த மழை. விடாமல் பெய்தது. எல்லவில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்களைக் கீழே இறக்குவதற்காகத் தியாகு காலையிலேயே போயிருந்தான். பாதை இடிந்துவிட்டது, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். அவன் வந்து சேர்வதற்கு முன்பே லயத்துக்குப் பின்னால் இருந்த மலை சரிந்து இறங்கிவிட்டது. ராணி வீட்டில் இருந்தாள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நான் பிறந்த வீடும் அதே சுவரோடு போய்விட்டது. அதை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீரும் எனக்கு வரவில்லை. ராணியை நினைத்துத்தான் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

5

உயிர் தப்பியவர்களைத் தோட்டத்துப் பழைய தேயிலைக் குடோனில் தங்கவைத்தார்கள். பலகையால் அடைத்த அறைகள். ஒரு வீட்டுக்காரர் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். புது வீட்டுக்குக் காணி எங்கே என்று தியாகு பிரதேச செயலகத்துக்குப் போனால், தோட்டத்து நிர்வாகம் எழுதித் தர வேண்டும் என்பார்கள். நிர்வாகத்திடம் போனால், மண் பரிசோதனை முடிய வேண்டும் என்பார்கள். படிவங்கள் சிங்களத்தில் இருக்கும். நிரப்பித் தர ஆள் தேடுவான். ஒரு வருஷமாக இதே நடைதான்.

வெள்ளிக்கிழமைச் செய்திகள் நின்றுபோயின. நான் அனுப்புவதைக் கேட்டான் என்று நீலக் குறி வரும், பதில் வராது. நல்ல நகைச்சுவைப் படம் ஒன்று, வாய்விட்டுச் சிரிக்கலாம் என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன். மகள் மொனராகலைக்குக் கூப்பிட்டும் அவன் போகவில்லை. வண்டி ஓட்டுகிறான், வருகிறான், படுக்கிறான். அவன் எதையும் பார்ப்பதில்லை என்று மகள் சொன்னாள். படம் பார்க்காத தியாகுவை எனக்கு நினைக்கவே பயமாக இருந்தது.

திவசத்துக்கு நேரில் போக நினைத்தேன். என் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் கிடக்கிறது. அதன் முடிவு வருவதற்குள் வெளியே போனால் சிக்கல் வருமா என்று கேட்டு எழுதினேன். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நான் கேட்டது அதுவல்ல என்று எழுதினேன். மறுபடியும் அதே பதில்தான் வந்தது. டிக்கெட் போடவில்லை.

திவசத்துக்குச் சில நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தியாகுவே கூப்பிட்டான். அங்கே அப்போது பொழுது சாய்கிற நேரம். சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"அந்தத் தீவுக் கதை இருக்குல்ல. நாங்க பாதியில விட்டது. அது இன்னும் போன்லதான் கெடக்கு. அழிக்கவும் மனசு வரல, பாக்கவும் முடியல. நீ பாத்துட்டு எனக்குச் சொல்றியா? படையல் வைக்கிறப்ப அவளுக்கு மிச்சத்தச் சொல்லிறலாம்னு இருக்கேன்."

படையலில் செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பதுதான் எங்கள் வழக்கம். சுருட்டுக் குடித்தவருக்குச் சுருட்டு வைப்போம், வெற்றிலை போட்டவளுக்கு வெற்றிலை. ராணிக்குப் பிடித்தது கதை. அதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு தியாகு என்னிடம் ஒரு கதை கேட்கிறான் என்பதிலேயே நான் மனம் குளிர்ந்துபோனேன். கட்டாயம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

6

அன்றைக்கே மத்தியானம் கீழறையில் உட்கார்ந்து தொடரைத் தொடங்கினேன். நிதின் ஏதோ எடுக்க வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்குத் தமிழ்க் குரல் கேட்டுச் சிரிப்பு வந்தது, இருந்தாலும் போகவில்லை. நீண்ட நாளைக்குப் பிறகு அவனும் நானும் ஒரே சோபாவில் இருந்தோம். அடுத்த நாட்களிலும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட உட்கார்ந்தான்.

ராணியும் தியாகுவும் நிறுத்திய இடம் எனக்குத் தெரியும். அந்தப் பெண் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு படகுக்காரனோடு புருஷனைத் தேடிப் போகத் தீர்மானிக்கிற இடம். நான் அதற்கு அப்பால் போகப் போக, இரண்டு பேரையும் சேர்த்துவைக்கும் முடிவாக இருக்கும் என்று நம்பிக்கொண்டே போனேன்.

அப்படி இல்லை. புருஷன் சாகவில்லை. வேறொரு கரையில் காயத்தோடு கிடந்து, தேறி, வீட்டுக்கு வருகிறான். செத்துப்போனது அவள். தேடிப் போன படகு புயலில் போய்விட்டது. கடைசிக் காட்சியில் அவன் தீவில் இறங்கி நேராகக் கடைக்கு வருகிறான். கதவு பூட்டியிருக்கிறது. சாவி எப்போதும் இருக்கிற இடத்தில் எடுத்துத் திறந்து, அடுப்பைப் பற்றவைக்கிறான். அவளுக்கும் சேர்த்து அரிசி போடுகிறான். அத்தோடு முடிகிறது.

நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். நிதின் காத்திருந்தான். இதை யாருக்காகப் பார்த்தீர்கள் என்று கேட்டான். தியாகு மாமாவின் மனைவிக்காக என்றேன். அவர்கள் இறந்துவிட்டார்கள்தானே என்றான். திவசத்தையும் படையலையும் பற்றிச் சொன்னேன். இந்தத் தடவை சொற்கள் எப்படியோ கிடைத்தன. மடுவத்தையும் சொன்னேன், முடிவைத் திருப்பிச் சொல்கிற வழக்கத்தையும் சொன்னேன். அதனால் தியாகுவுக்கும் முடிவைத் திருப்பித்தான் சொல்லப்போகிறேன் என்றேன்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "அவர் வேற யார்கிட்டயும் கேட்காம உங்ககிட்ட கேட்டிருக்கார், அப்பா. உண்மையைச் சொல்லுங்க."

பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். வீட்டில் துக்கம் நடந்தவனிடம் சாவைச் சொல்லுகிற ஊர் எங்கள் ஊர் இல்லை.

7

தியாகுவுக்குக் குரல் செய்தியாகவே அனுப்பினேன். நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே தோன்றியது. படகு புயலில் மாட்டியது, ஆனால் ஒரு மீன்பிடிக் கப்பல் அவளைத் தூக்கிக் காப்பாற்றியது. அவளைக் கரை சேர்த்த அதே துறையில் அவள் புருஷன் கோல் ஊன்றிக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேரும் தீவுக்குத் திரும்பிக் கடையைத் திறக்கிறார்கள். ஊரே வந்து சாப்பிடுகிறது. ராணிக்காக ஒரு நாய்க்குட்டியையும் கடை வாசலில் படுக்க வைத்தேன்.

கேட்டான் என்று குறி வந்தது. பதில் வரவில்லை. திவசத்தன்று எத்தனையோ தரம் போனை எடுத்துப் பார்த்தேன். படையலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகாலை ஆட்டி, அவன் ராணிக்குக் கதை சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பலகைக்கு அப்பால் இருக்கிற வீட்டுக்காரர்களும் கேட்டிருப்பார்கள். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டான். திவசம் நல்லபடியாக நடந்ததா என்று கேட்டேன். நடந்தது, மகளும் மருமகனும் வந்திருந்தார்கள், அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம் என்றான். கதை சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லல. நீ முடிவத் திருப்பிட்டதான?"

அவன் கோபமாகப் பேசவில்லை. களைத்த ஆள் பேசுகிறது மாதிரி மெதுவாகப் பேசினான்.

"அவ எதையும் முடிவு தெரியாம பாக்க மாட்டாடா. நான் குளிக்கப் போற நேரத்துல கடைசிய மட்டும் ஓட்டிப் பாத்துருவா. எங்கிட்ட சொல்ல மாட்டா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தா. நல்ல முடிவா இருந்தா அன்னைக்குப் பூரா பாட்டு முணுமுணுத்துக்கிட்டே இருப்பா. இந்தக் கதையத் தொடங்குன அன்னைக்கு எங்கூட சரியா பேசல. சோத்தப் போட்டுட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு, இதுல யாரோ சாகுறாங்கன்னு."

"அப்புறமும் ஏன்டா பாத்தீங்க?" என்றேன்.

"எனக்குப் புடிச்சிருந்துச்சுல்ல, அதான் விட்டுட்டா. நான் படத்தப் பாப்பேன், அவ எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பா. எந்த எடத்துல ஒடைஞ்சி போவேன்னு பாத்திருப்பா போல."

அப்படியானால் என்னிடம் எதற்குக் கேட்டாய், அவளுக்குத்தான் தெரியுமே என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கத் தொடங்கியது.

"அவளுக்குச் சொல்லணும்னு சொன்னதெல்லாம் சும்மாடா. அவளுக்கு முடிவு தெரியும், எனக்குத்தான் தெரியாது. பாத்துறலாம்னு எத்தனையோ தரம் போன எடுத்தேன். எம்மூஞ்சியப் பாக்க ஆளில்லாம அதப் பாக்க முடியல. நீ சொல்லு. திருப்பாம சொல்லு."

சொன்னேன். அவள் கடையைப் பூட்டிக்கொண்டு படகில் ஏறுகிற இடத்திலிருந்து சொன்னேன். குரலை மாற்றவில்லை, மேசையைத் தட்டவில்லை. புயல் வந்ததைச் சொன்னேன், படகு போனதைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவன் "ம்" கொட்டிக்கொண்டே வந்தான். புருஷன் உயிரோடு திரும்பி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிற இடத்தில் "ம்" நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன். மேலே போகச் சொன்னான். அடுப்பைப் பற்றவைத்ததையும், இரண்டு பேருக்கு அரிசி போட்டதையும் சொல்லி முடித்தேன்.

எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பலகைக்கு அப்பால் யாரோ ஒரு குழந்தையைத் தாலாட்டுகிற சத்தம் கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்டா."

"சரி. அவளுக்குத் தெரிஞ்சது இப்ப எனக்கும் தெரியும்" என்றான் தியாகு.